கார் சன்னலில் பிடித்த குற்றால மலை

சிங்கப்பூரில் மழைக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். இடி அல்ல, மூங்கில் கழிகளின் சத்தம். இங்கே மாடி வீட்டுச் சன்னல்களிலிருந்து தெருவை நோக்கிக் கழிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஈரத்துணியோடு. கடல் பக்கம் வானம் கறுத்ததும் ஒவ்வொரு சன்னலிலும் ஒரு தலை எட்டிப்பார்க்கும். யாரோ ஒருத்தி சீனத்தில் குரல் கொடுப்பாள். அவ்வளவுதான், கழிகள் எல்லாம் கடகடவென்று உள்ளே போய்விடும். தள்ளுவண்டிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள். நடந்துகொண்டிருப்பவர்கள் கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடித் தாழ்வாரத்துக்குள் பாய்ந்துவிடுவார்கள். அதைக் 'காக்கி லீமா' என்பார்கள். தெரு காலியாகிவிடும். வந்த புதிதில், அந்தக் காலித் தெருவில் நான் ஒருவன் மட்டும் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மேகம் வந்தால் வீட்டைவிட்டு வெளியே வருவது தென்காசிப் பழக்கம். மேகம் வந்தால் உள்ளே ஓடுவது இந்த ஊர்ப் பழக்கம். கை வேலையெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. இது மட்டும் பழக வருடங்கள் ஆயின.

நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவின் முதலாளி லிம் என்பவர். முதலாளியை இங்கே 'தவுக்கே' என்று சொல்ல வேண்டும். நான் மழையில் நிற்பதை முதல் தடவை பார்த்தபோது அவர் வாசலுக்கு வந்து, "மைடின், அப்பா பசால்?" என்று கத்தினார். என் பெயர் மைதீன். அவர் வாயில் அது மைடின். அப்பாவுக்கு என்ன என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, என் அத்தா நலமாக இருக்கிறார், தென்காசியில் தறி நெய்கிறார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விளக்கமாகச் சொன்னேன். தவுக்கே என்னை உள்ளே இழுத்துப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். 'என்ன விஷயம்' என்பதைத்தான் மலாயில் 'அப்பா பசால்' என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விஷயம் மழைதான், எங்கள் ஊரில் மழை வேறு மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். "சினி பூன் அடா ஹூஜான்" என்றார் அவர். இங்கேயும்தான் மழை இருக்கிறது என்று அர்த்தம். அவர் சொன்னதில் தப்பில்லை. சாரல் என்ற சொல்லுக்கு மலாயில் என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறி, தூறிக்கொண்டிருக்கும்போதே காற்று அள்ளிக்கொண்டுபோய், சட்டை நனைந்த இடமே தெரியாமல் காய்ந்துவிடுவதை எந்தப் பாஷையில் ஒரு சீனருக்குச் சொல்ல முடியும்? அதனால் ஒருநாள், "உங்கள் காமிராவைக் கொடுங்கள், பிடித்துக்கொண்டு வந்து காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பல் ஏறியவன். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பிறகு ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் கழுவக் கற்று, ஐந்து வருடம் கழித்து இப்போதுதான் லீவு. அறுபதுகளின் தொடக்கம் அது. வெளியூர்க்காரர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவதற்கு இனிமேல் கெடுபிடி அதிகமாகும் என்று இங்கே நம்மவர்கள் கூடும் தஞ்சோங் பகார் டீக்கடைகளில் ஒரே பேச்சு. என் மனைவி சைனம்புவை இந்தத் தடவை அழைத்து வராவிட்டால் பிறகு எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. தவுக்கே தன்னுடைய பழைய ஜெர்மன் காமிராவையும் மூன்று பிலிம் சுருளையும் ஒரு மஞ்சள் கண்ணாடியையும் கொடுத்தார். அந்தக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் கறுத்து மேகம் எடுப்பாகத் தெரியும். காமிரா நனைந்தால் நீ திரும்பி வரவே வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது எச்சரிக்கைதான்.

நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் பிடித்தேன். ஆனி மாதம். கடையநல்லூர் தாண்டும்போதே பெட்டிக்குள் காற்றின் வாசனை மாறிவிட்டது. மேற்கே பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. மேகம்தான் மலை மாதிரி நின்றுகொண்டிருந்தது. தென்காசியில் இறங்கியதும், பெட்டி படுக்கையைப் பிளாட்பாரத்தில் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றேன். பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு மேலே ஒரு கறுப்பு மேகம், அதன் ஓரத்தில் வெயில், அதற்குக் கீழே தூறல். என்னைப் போலவே இன்னும் நாலைந்து பேர் அண்ணாந்து நின்றார்கள். யாரும் யார் நெற்றியையும் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் கடல் கடந்து சபர் போய்த் திரும்பிய ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

சைனம்பு தன் தாய்வீட்டில் இருந்தாள், நானும் அங்கேதான் தங்கினேன். அங்கேதான் கொஞ்சம் சங்கடம். என் மாமியார் கணவரை இழந்தவர். அடுத்த தெருவில் மகன் வீடு இருந்தாலும் அவருக்கு எல்லாமே மகள்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எங்க வகையறாவுல பொம்பள கப்பல் ஏறுனது கெடையாது" என்றார். சைனம்புவோ அந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. எங்களுக்குள் பேச்சு வளரவும் இல்லை. மூன்று மாதம் சேர்ந்திருந்து, ஐந்து வருடம் பிரிந்திருந்து, இப்போது ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தோம். சாப்பாடு போடும்போது, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்பாள். "போதும்" என்பேன். பெரும்பாலும் அத்தோடு சரி.

எனவே படம் பிடிக்கப் போகிறேன், அவளையும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னபோது மாமிக்கு அதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். "மேகத்தைப் படம் புடிக்கப் போறாகளாம். மேகத்துல என்ன இருக்கு, கண்ணா மூக்கா?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "நானும் வாரேன்" என்றார்.

தூறலில் காமிராவை வெளியே எடுக்க முடியாது. குதிரை வண்டிக் குலுக்கலில் படம் பிடிக்கவும் முடியாது. கார் ஒன்று பேச வேண்டியதாயிற்று. வாடகைக்கு ஓடும் காரைப் 'பிளசர்' என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். பரமசிவ அண்ணாச்சியின் கறுப்புப் பிளசர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் வந்து நின்றது. அண்ணாச்சி பெண்டாட்டி பிள்ளைகளைவிட அந்தக் காரை அதிகமாகக் கவனிப்பவர் என்று ஊரில் பெயர். "தம்பி, சிங்கப்பூர்ல எப்பிடியோ, இங்கன சீட்டுல ஈரம் படப்பிடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமி ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து பின்பக்கச் சன்னல்களுக்குக் கயிறு கட்டித் திரை போட ஆரம்பித்தார். எங்கள் பெண்கள் வண்டியில் போனால் திரை இல்லாமல் போவதில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. வானத்தைப் படம் பிடிப்பதற்காகப் பேசிய காரில் வானம் தெரிவது எனக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும்தான்.

குற்றாலம் ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்தது. இடப்பக்கம் வயல் முழுக்க வெயில். வலப்பக்கம் வயல் முழுக்க நிழல். நிழல் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து காரை மூடும், உடனே பத்துத் துளி விழும், மறுபடி வெயில். மலை ஒரு நிமிடம் நெற்றியைக் காட்டும். அடுத்த நிமிடம் இடுப்பைக் காட்டும். நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "நிறுத்துங்க அண்ணாச்சி" என்பேன். நிற்பதற்குள் போய்விடும். "போங்க அண்ணாச்சி" என்பேன். அண்ணாச்சிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. முன்கண்ணாடியின் ஒற்றை வைப்பர் பாதி தூரம் போய் இளைத்து நின்றபோது அவரே இறங்கி, மடியிலிருந்த புகையிலையைக் கிள்ளிக் கண்ணாடியில் தேய்த்தார். தண்ணீர் ஒட்டாமல் வழிந்தது. அந்தக் கண்ணாடி வழியாகவே இரண்டு படம் எடுத்தேன். பின்னாலிருந்து மாமி, "என்ன தெரியுது?" என்று கேட்டார். திரை போட்டது அவர்தான்.

ஐந்தருவிப் பாதையில் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அண்ணாச்சி விளக்கைப் போட்டார். நான் என் பக்கத்துச் சன்னலை இறக்கினேன். ஒரு துண்டு மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, என் முகத்தைத் தடவி, பின்சீட்டுக்குப் போனது. "சாத்துங்க, உள்ள வருதுல்லா" என்றார் மாமி. சைனம்பு சிரித்தாள். அவள் சிரிப்பை ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். அந்த வேகத்தில் ஒரு சுருள் முழுவதையும் சுட்டுத் தள்ளினேன். சுடும்போதே மனசுக்குத் தெரிந்தது, கழுவினால் எல்லாமே வெள்ளைத்தாளாகத்தான் இருக்கும். அருவிச் சத்தம் பக்கத்தில் இடித்தது, அருவி தெரியவில்லை. மலைமேல் நின்றுகொண்டிருந்தோம், மலை தெரியவில்லை. தவுக்கே முகம் கண்முன் வந்தது. வெள்ளைத்தாளைக் காட்டி இதுதான் எங்கள் ஊர் மேகம் என்றால் மறுபடி நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

"இங்கன என்னத்தத் தெரியும்?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. சைனம்பு பேசுகிறாள் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மலைக்குள்ள நின்னுக்கிட்டு மலையப் பாக்க முடியுமா? கெழக்க போகச் சொல்லுங்க. கீழப்பாவூர்க் கொளத்தங்கரையில நின்னா முழுசும் தெரியும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்பதற்குள் மாமி கேட்டுவிட்டார். "ஏட்டி, போன வருசம் கல்யாணத்துக்கு வண்டியில போனதச் சொல்லுதியா? அன்னைக்குத் திரை கட்டியிருந்துச்சே."

"திரைன்னா ஓட்டை இருக்காதா?" என்றாள் சைனம்பு.

அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தென்காசியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே பாய்ந்தோம். நான் முன்சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி முழங்காலிட்டுக்கொண்டேன். பின்கண்ணாடிக்கு மட்டும் திரை இல்லை. மாமிக்கும் சைனம்புவுக்கும் நடுவில் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், எனக்கு அதிசயமாக இருந்தது. நாங்கள் விலகிப்போகப் போக மலை வளர்ந்துகொண்டிருந்தது. கிட்டே இருந்தபோது முன்னால் மறைத்துக்கொண்டிருந்த குன்றுகள் தாழ்ந்து, அவற்றுக்குப் பின்னாலிருந்து நான் ஊரில் இருந்த நாளிலேயே சரியாகப் பார்த்திராத சிகரங்கள் எழுந்து வந்தன. "வேகமா அண்ணாச்சி" என்றேன். "இது பிளசர் தம்பி, ஏரோப்பிளேன் இல்ல" என்றார். ஆனால் வேகத்தைக் கூட்டினார்.

குளத்தங்கரை மண் நெகிழ்ந்து கிடந்தது. வண்டி சறுக்கினால் நேரே தண்ணீருக்குள்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணாச்சி அங்குலம் அங்குலமாக ஓட்டி ஒரு மேட்டில் நிறுத்தினார். காரின் வலப்பக்கம் மேற்கே பார்த்து நின்றது. நான் இறங்கினேன்.

இதை எப்படி எழுதுவது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மலை வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே சுவராக நின்றது. அதன் உச்சி முழுக்க மேகம் மூடியிருந்தது. அந்தப் பக்கம், கேரளத்தில், பெய்து தீர்த்துவிட்டு மேகம் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு கோடு திறந்திருந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் சூரியன். அங்கிருந்து வெளிச்சம் தனித்தனிக் கதிராக, எங்கள் தெருவில் காலையில் பாவு விரித்து நூலை இழுத்துக் கட்டியிருப்பார்களே அதுபோல, விறைப்பாக வயல்மேல் இறங்கியிருந்தது. நூல் நூலாக எண்ணலாம் போல இருந்தது. குற்றால அருவி அங்கே ஒரு வெள்ளைக் கீறலாக, தெரிந்தும் தெரியாமலும். தலைக்கு மேலே மேகமே இல்லை, ஆனால் தூறல் எங்கிருந்தோ பக்கவாட்டில் பறந்து வந்தது. காற்று என் துண்டைப் பறித்துக்கொண்டு போயிற்று. காமிராவை எடுத்தால் கை ஆடியது. வேட்டிக்குள் காற்றுப் புகுந்து ஆளையே தள்ளியது. இரண்டு படம் எடுத்தேன். இரண்டும் ஆடித்தான் போயிருக்கும் என்று தெரிந்தது. காமிராவை எதன்மேலாவது அசையாமல் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் நனையும். உள்ளே மேற்குப் பார்த்து, ஸ்டியரிங் இடைஞ்சல் இல்லாமல் இருந்த ஒரே இடம் சைனம்பு உட்கார்ந்திருந்த சன்னல்.

நான் சன்னலருகே போய், "திரையை எடுக்கணும்" என்றேன். யாரும் சொல்லாமலே அண்ணாச்சி காரைவிட்டு இறங்கி, கரையில் வெகுதூரம் முன்னால் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைக்கப் போராடினார். நான் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்த்தது சைனம்பு. அவிழ்த்ததுதான் தாமதம், காற்று சேலையை வாரிக்கொண்டு போய் கரையோரத்து உடைமரத்தில் மாட்டியது. மலை முழுவதும் காருக்குள் வந்துவிட்டது.

அந்தக் காமிராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. மேலே மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் எதிரே இருப்பது தெரியும், இடது வலது மாறி. பின்சீட்டில் எனக்கு இடமில்லை. சைனம்பு மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை மடித்துச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் காமிராவை வைத்து, நான் முன்சீட்டிலிருந்து கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். "நீதான் பாக்கணும்" என்றேன். அவள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"என்னட்டி?" என்றார் மாமி. அவரும் தலையை நீட்டிக் குனிந்தார். "ஏ, இம்புட்டு மலையும் இதுக்குள்ள கெடக்கு." கொஞ்சம் பொறுத்து, "மேகம் அங்கன வடக்க போகுது, பெட்டிக்குள்ள தெக்க போகுது" என்றார். நிமிர்ந்து மலையைப் பார்ப்பார், மறுபடி குனிந்து பெட்டியைப் பார்ப்பார். இருவர் தலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"இப்ப அமுக்கு" என்றேன்.

"பொறுங்க" என்றாள்.

"வெளிச்சம் போயிரும் சைனம்பு."

"பொறுங்க மச்சான். அருவி மேல ஒரு துண்டு மேகம் கெடக்கு. அது நகருததப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

என் கை வலித்தது. சூரியன் கோட்டுக்குக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. இனிமேல் ஒன்றுமில்லை என்று நான் முடிவு செய்த நேரத்தில் அவள் விரல் அசைந்தது. மென்மையான ஒரு சொடக்கு. நான் சுருளைத் திருகினேன். அவள் இன்னொன்று எடுத்தாள். பிறகு கதிர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, மலை கறுத்தது. மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி தூரத்திலிருந்து, "ஆச்சா தம்பி?" என்று கேட்டார். நான் கையை அசைத்து அவரை வரச் சொன்னேன்.

திரும்பும்போது திரையில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் மாமியும் அதைக் கேட்கவில்லை. பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சைனம்பு பேச ஆரம்பித்தாள்.

"அங்கன பொம்பளைகளுக்கு யாரு படம் புடிக்காக?"

"ஆம்பளைகதான். நாங்கதான்."

"பாஸ்போர்ட்டு, கார்டு எல்லாத்துக்கும் படம் வேணும்னு சொன்னீகள்லா? முக்காட்ட எடுக்கச் சொல்லுவாகளோ?"

"காது தெரியணும்னு ஒரு சட்டம். நம்ம பக்கத்துப் பொம்பளைக வந்தா தலையக் குனிஞ்சுக்கிட்டே இருப்பாக. நிமிரச் சொன்னா அழுதுருவாக. தவுக்கே கத்துவாரு. படத்துல எல்லாரும் அழுத மூஞ்சியாத்தான் இருப்பாக."

"நான் புடிச்சா அழ மாட்டாக" என்றாள். கொஞ்ச தூரம் போய், "இந்தப் பெட்டிய எனக்கு முழுசும் சொல்லித் தருவீகளா?" என்று கேட்டாள்.

கேள்வி என்னிடம். ஆனால் பதிலுக்காக நாங்கள் இருவரும் மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது இருட்டிலும் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணாச்சிகூட வேகத்தைக் குறைத்துவிட்டார். தென்காசி விளக்குகள் தெரிய ஆரம்பித்த பிறகு மாமி வாய் திறந்தார்.

"கப்பல்ல காத்து இத விடக் கூடுதலா இருக்குமா?"

"இருக்கும் மாமி."

"அப்பம் இவளுக்குக் கம்பளி வேணும்" என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். தூறல்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் திரும்பி, தவுக்கேயின் இருட்டறையில் படத்தைக் கழுவியபோது சைனம்பு என் பக்கத்தில் நின்றாள். சிவப்பு விளக்கில், மருந்துத் தண்ணீருக்குள், வெறும் தாளில் முதலில் மலையின் விளிம்பு வந்தது. பிறகு கதிர்கள். கடைசியாக அருவி, நகத்தால் கீறியதுபோல. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தவுக்கே படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். இது எந்த தேசம், சுவிட்சர்லாந்தா என்று கேட்டார். 'நெகரி சாயா', என் ஊர் என்றேன். நம்பவில்லை. யார் எடுத்தது என்றார். 'பினி சாயா', என் மனைவி என்றேன். அதை அறவே நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரமே பெண்களுக்கு என்று ஒரு தட்டி அடித்து, அதற்குப் பின்னால் சைனம்புவுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். தஞ்சோங் பகார் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். நம் பக்கத்துப் பெண்கள் மட்டுமல்ல, மலாய்ப் பெண்களும் சீனக் கிழவிகளும். சைனம்புவுக்கு வந்த முதல் மலாய்ச் சொல் 'செனியும்', சிரி என்று அர்த்தம். தட்டிக்குப் பின்னால் நாள் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்தப் படத்துக்கு இன்னொரு யோகம் இருந்தது. ஆட்களை நிறுத்திப் படம் பிடிக்க ஒரு பின்திரை புதிதாக வேண்டியிருந்தது. தவுக்கே ஒரு சீன ஓவியரை அழைத்துவந்து, கீழப்பாவூரிலிருந்து தெரிந்த குற்றால மலையைச் சுவரளவு துணியில் எழுதச் சொன்னார். ஓவியர் எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டு, குளத்தில் இரண்டு பெரிய கொக்குகளைத் தாமாகச் சேர்த்தார். கொக்கு இருந்தால் நீண்ட ஆயுளாம். எங்கள் ஊரில் அப்படி இல்லையே என்று சொல்ல வாய் எடுத்தோம். ஆனால் கீழப்பாவூர்க் குளத்தில் கொக்கு நிற்கத்தான் செய்யும். விட்டுவிட்டோம். திரை தொங்கிய செய்தி பரவியதும் நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், காசு மாற்றும் கடைக்காரர்கள், சமையல்காரர்கள். கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, சொந்த மலைக்கு முன்னால் விறைப்பாக நின்று படம் பிடித்து, அந்த மலையடிவாரத்து வீடுகளுக்கே அனுப்பிவைத்தார்கள். நாங்களும் எங்கள் மகன் பிறந்து தவழ ஆரம்பித்ததும் மூவருமாக நின்று ஒன்று எடுத்து மாமிக்கு அனுப்பினோம்.

போன மாதம் ஊரிலிருந்து திரும்பி வந்த தென்காசிப் பக்கத்து வடகரைக்காரர் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மாமியைப் பார்த்துவிட்டு வந்தவர். படம் கிடைத்ததா என்று சைனம்பு ஆவலாகக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"கெடச்சுது. ஆனா உங்கம்மா ரொம்ப மனத்தாங்கல்ல இருக்காகம்மா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு மகளும் மருமகனும் கீழப்பாவூர் வரைக்கும் வந்து படம் புடிச்சுட்டு, வீட்டுக்கு வராமலே கப்பல் ஏறிட்டாகளேன்னு தெரு முழுக்கச் சொல்லுதாக. கொளத்துல கொக்குகூட நிக்குதுய்யா, பாரும்னு எங்கிட்டயும் காட்டுனாக."

"நீங்க சொல்லலையா, அது துணின்னு?" என்றேன்.

"சொல்லாம இருப்பனா? சொன்னேன். அதுக்கு அவுக சொல்லுதாக: எங்க வீட்டுல மூணு தறி ஓடுது. துணி எது, மலை எதுன்னு எனக்குத் தெரியாதா, இது மலைதான்னு."

நான் சிரித்தேன். வடகரைக்காரரும் சிரித்தார். சைனம்புவும் சிரித்துக்கொண்டேதான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அருவி இருந்த இடத்தில் துணி கொஞ்சம் சுருங்கியிருந்தது, அதைக் கையால் நீவிவிட்டாள். வடகரைக்காரர் மறுபடி ஊர் போகும்போது பெரியவர்கள் யாரையாவது வைத்து விளக்கமாக எடுத்துச் சொல்லச் சொல்கிறேன் என்றேன். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் திருத்த வேண்டாம் மச்சான்" என்றாள். "வந்துட்டுப் போனோம்னே இருக்கட்டும்."